44,500 புகார்கள்: ஷில்பா ஷெட்டியும் ஜேட் கூடியும் இருந்த வீடு

லண்டனுக்கு வடக்கே போரம்வுட் என்று ஓர் ஊர். அங்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ வளாகத்துக்குள் 'பிக் பிரதர்' என்ற ரியாலிட்டி ஷோவுக்காகச் செட் போட்டுக் கட்டிய ஒரு வீட்டில், 2007 ஜனவரி மூன்றாவது வாரம், குழம்புக்குச் சுவை கூட்டப் போடும் ஒரு சின்னக் கட்டிக்காக இந்தி நடிகை ஷில்பா ஷெட்டிக்கும் பிரிட்டன் டிவி பிரபலம் ஜேட் கூடிக்கும் சண்டை வந்தது. ஆக்சோ என்பது அதன் பெயர். பிரிட்டனில் அநேகமாக எல்லா அடுப்படியிலும் இருக்கும் சாமான். மளிகைப் பட்டியலில் அதை எழுதியது யார், வந்ததை எடுத்தது யார் என்பதுதான் பேச்சு. நம் வீடுகளில் புளி தீர்ந்துபோனதற்கு நடக்கும் சண்டை மாதிரி, பத்து நிமிஷத்தில் அடங்கியிருக்க வேண்டியது.

அது அடங்கவில்லை. பிரிட்டன் பிரதமர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். நிதியமைச்சர் பெங்களூரில் விளக்கம் கொடுத்தார். பாட்னாவில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களின் கொடும்பாவியை எரித்தார்கள். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 44,500 புகார்கள் போய்ச் சேர்ந்தன. அந்த அமைப்பு அதுவரை பார்த்திராத எண்ணிக்கை அது.

ரியாலிட்டி ஷோ என்றால் என்ன, அது மனிதர்களை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் எடுத்துச் சொல்வது இந்த ஒரு சம்பவத்தைத்தான். பொதுவாக இதை 'ஷில்பா ஷெட்டிக்கு நடந்த இனவெறி அவமானம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடந்தது இனவெறிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர்கள், ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், நாள் முழுக்கப் பதிவான காட்சிகளிலிருந்து ஒரு மணி நேரத்தை வெட்டியெடுத்தவர்கள் எல்லாரும் இந்தக் கதையில் ஓரமாக நின்று தப்பித்துவிடுகிறார்கள். அவர்களையும் உள்ளே கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உள்ளே போனவர்கள்

பிக் பிரதர் நெதர்லாந்தில் பிறந்த நிகழ்ச்சி. ஜான் டி மோலின் எண்டமால் நிறுவனம் உருவாக்கியது, 1999 செப்டம்பரில் முதல் ஒளிபரப்பு. அடுத்த ஆண்டே பிரிட்டனில் சேனல் 4 அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் பிரபலங்களை மட்டும் வைத்து நடத்தும் வடிவமும் வந்தது. பிக் பாஸில் நமக்கு இப்போது பழகிப்போன எவிக்‌ஷன், நாமினேஷன், டாஸ்க், தனியறையில் உட்கார்ந்து கேமராவிடம் மனம்விட்டுப் பேசுவது எல்லாமே அங்கிருந்து வந்தவைதான்.

2007 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிரபலங்கள் சீசனில் ஷில்பா ஷெட்டி போனார். அப்போது வயது 31. இந்தியில் 1993 முதல் நடித்துக்கொண்டிருந்தார். தமிழில் பிரபுதேவாவுடன் 'மிஸ்டர் ரோமியோ'வில் வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் பிரிட்டனில் ஆசியக் குடும்பங்களுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. மைக்கேல் ஜாக்சனின் அண்ணன் ஜெர்மைன் ஜாக்சன், அமெரிக்க நடிகர் டர்க் பெனடிக்ட், திரைப்பட இயக்குநர் கென் ரஸ்ஸல், பாடகர் லியோ சேயர், பாப் குழுவில் பாடிய ஜோ ஓமேரா, மாடல் டேனியல் லாய்டு ஆகியோரும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

ஜேட் கூடி முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். அவர் யார் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக்க முழுக்க இந்த நிகழ்ச்சியே உண்டாக்கிய மனுஷி அவர்.

1981-இல் தெற்கு லண்டனில் பெர்மண்ட்ஸி என்ற உழைப்பாளர் பகுதியில் பிறந்தவர். அப்பா கறுப்பின, வெள்ளையினக் கலப்பில் பிறந்தவர், போதைக்கு அடிமை, சிறைக்குப் போய் வந்தவர். அம்மா ஜாக்கிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு கை செயலிழந்துவிட்டது. சிறு வயதிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜேடுக்கு வந்தது. பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், 2002-இல் பிக் பிரதர் மூன்றாம் சீசனுக்குப் போனார். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஆங்கிலியாவை 'ஈஸ்ட் ஆங்குலர்' என்று சொல்லி, அது ஏதோ வெளிநாடு என்று நினைத்துப் பேசினார். மறுநாளே ஊர் சிரித்தது. பத்திரிகைகள் அவரைப் பன்றி என்று எழுதின. இருபத்தொரு வயதுப் பெண்ணைப் பன்றி என்று தலைப்புப் போட்டு எழுதுவது அன்றைக்கு வேடிக்கையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்த சீசனில் அவருக்கு நான்காவது இடம் கிடைத்தது. வெளியே வந்தபோது ஜனங்களின் மனம் மாறியிருந்தது. ஒளிவுமறைவு இல்லாதவள், நம்ம வீட்டுப் பெண் என்று கொண்டாடினார்கள். தொடர்ந்து டிவி நிகழ்ச்சிகள், சுயசரிதை, உடற்பயிற்சி வீடியோ, சொந்தப் பெயரில் வாசனைத் திரவியம் என்று வருமானம் கொட்டியது. பாடத் தெரியாது, நடிக்கத் தெரியாது, ஆனாலும் லட்சக்கணக்கில் சம்பாதித்தார். அவருடைய மூலதனம் ஒன்றே ஒன்றுதான்: மனதில் வந்ததை வடிகட்டாமல் பேசுவது. சேனல் அவரை 2007-இல் மறுபடி கூப்பிட்டது அந்த வாய்க்காகத்தான்.

எஜமானர் வீடும் வேலைக்காரர் வீடும்

இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத இடம் ஒன்று உண்டு. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதுதான்.

ஜனவரி 5 அன்று ஜேட் தனியாக உள்ளே வரவில்லை. அம்மா ஜாக்கியும் காதலன் ஜாக் ட்வீடும் கூட வந்தார்கள். அன்று தயாரிப்பாளர்கள் ஒரு டாஸ்க் வைத்தார்கள். கூடி குடும்பம் அந்த ஆடம்பர வீட்டின் எஜமானர்கள். மற்ற பிரபலங்கள் பக்கத்திலுள்ள வசதியில்லாத இடத்துக்குக் குடிபோக வேண்டும், வேலைக்காரர்களாக இருந்து இவர்களுக்குச் சமைத்துப் பரிமாறி ஏவல் செய்ய வேண்டும்.

இதைத் திட்டமிட்டவர்களின் கணக்கு எளிமையானது. பெர்மண்ட்ஸியின் ஏழைக் குடும்பத்தை மேலே உட்கார வை, பேரும் படிப்பும் உள்ளவர்களைக் கீழே நிற்க வை, என்ன வெடிக்கிறது பார். அன்றே வெடிக்கவும் செய்தது. டானி டூரெட் என்ற பங்க் ராக் பாடகர் இந்தக் குடும்பத்துக்குச் சேவகம் செய்ய முடியாது என்று சுவரேறிக் குதித்துப் போய்விட்டார். 79 வயது கென் ரஸ்ஸல், ஜேடுடன் ஒரு வாய்ச்சண்டைக்குப் பிறகு சில நாள்களிலேயே கிளம்பினார்.

ஜேட் கூடியின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. நான்கைந்து வருஷமாக ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்பியிருந்தவர் அவர். உள்ளே வந்த முதல் நாளே, தன் குடும்பத்துக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பதைக்கூட மற்றவர்கள் எவ்வளவு இழிவாக நினைக்கிறார்கள் என்று கண்ணெதிரே பார்க்கிறார். அந்தக் கோபம் எங்கேயாவது இறங்கத்தான் போகிறது. அது இறங்கிய இடம் ஷில்பா. நிதானமாக, நுனிநாக்கில் இலக்கணம் பிசகாத ஆங்கிலம் பேசுகிற, பணக்கார வீட்டுப் பெண்போல் நடந்துகொள்கிற, ஆனால் வெள்ளைக்காரி அல்லாத பெண். கோபத்தின் விதை வர்க்கத்தில் இருந்தது. அது பேசிய மொழி இனத்தின் மொழி.

ஜேட் செய்தது சரி என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்து நடந்தவற்றைப் படித்தால் அப்படிச் சொல்லவும் முடியாது.

அப்பளமும் கையும்

அம்மா ஜாக்கிக்கு 'ஷில்பா' என்ற இரண்டு அசைப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. 'அந்த இந்தியப் பொண்ணு' என்றார். ஒரு வாரத்தில் வாக்களிப்பில் அவர் வெளியேறிவிட்டார், ஆனால் தொடங்கி வைத்தது நின்றுவிடவில்லை. ஜேட், டேனியல், ஜோ மூவரும் ஒரு பக்கம், ஷில்பா தனியாக என்று வீடு பிரிந்தது.

சாப்பாடுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஷில்பா உணவைக் கையால் தொட்டதைப் பார்த்து, அந்தக் கை எங்கெல்லாம் போயிருக்குமோ என்றார் டேனியல். ஷில்பா வைத்த கோழி வேகவில்லை என்று ஒரு நாள் பேச்சு. இந்தியர்கள் ஒல்லியாக இருப்பதே சரியாக வேகாததைத் தின்று நோயில் விழுவதால்தான் என்கிற மாதிரி ஜோ சொன்னார். கையால் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் இந்த வார்த்தைகள் எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். வெளிநாட்டுப் பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கிய பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். புகார் எழுதிய ஆயிரக்கணக்கானவர்களில் அப்படி வளர்ந்தவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆக்சோ சண்டையில் ஜேட் கத்திய கத்தலில், நீ ஒரு நாள் சேரியில் போய் இருந்து பார்க்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. சண்டை முடிந்து, தன் தோழிகளிடம் ஷில்பாவைப் பற்றிப் பேசும்போது அவருடைய குடும்பப் பெயர் தெரியாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கடைசியில் 'ஷில்பா பாப்படம்' என்றார். பாப்படம் என்று ஆங்கிலேயர்கள் சொல்வது நம் பப்படம்தான். இங்கிருந்து கப்பலேறிப் போன ஒரு சொல் வசவாகத் திரும்பி வந்தது. டேனியல் இன்னொரு சமயம், அவளுக்கு ஆங்கிலமே ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை என்றார், கெட்ட வார்த்தை சேர்த்து ஊருக்கே திரும்பிப் போகட்டும் என்றும் சொன்னார்.

ஷில்பா அழுதார். சக போட்டியாளர் ஒருவரிடம் இது இனவெறியாகத்தான் தெரிகிறது என்றும் சொன்னார். பிறகு தனியறையில் பிக் பிரதர் கேட்டபோது, ஜேட் இனவெறி பிடித்தவர் என்று தான் நினைக்கவில்லை, கோபத்தில் பேசுவதுதான் என்று மாற்றிச் சொன்னார். இந்த மாற்றத்தைச் சேனல் தன் தரப்பு வாதமாகவே வெளியில் எடுத்துச் சொன்னது. பூட்டிய வீட்டுக்குள், அதே ஆட்களோடு இன்னும் பத்து நாள் படுத்து எழ வேண்டிய ஒரு பெண் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மாமியார் வீட்டில் இருந்துகொண்டு மாமியாரைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கச் சொல்வது போன்றது அது.

வெளியே

ஜனவரி 17, புதன்கிழமை. நாடாளுமன்றத்தில் லேபர் கட்சி உறுப்பினர் கீத் வாஸ் கேள்வி எழுப்பினார். பிரதமர் டோனி பிளேர், நிகழ்ச்சியைத் தான் பார்க்கவில்லை என்றும் எல்லா வகை இனவெறியையும் எதிர்ப்பதாகவும் சொன்னார். நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் அதே வாரம் இந்தியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். வர்த்தகம் பேச வந்தவரிடம் இந்திய நிருபர்கள் கேட்டதெல்லாம் இதைத்தான். பிரிட்டன் நியாயமும் சகிப்பும் உள்ள நாடு என்று பெங்களூரில் நின்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் ஸ்பான்சரான கார்போன் வேர்ஹவுஸ் நிறுவனம் ஏறத்தாழ 30 லட்சம் பவுண்ட் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஜேடின் வாசனைத் திரவியத்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷையர் போலீஸ் விசாரணை தொடங்கியது. யார் மீதும் வழக்குப் போடவில்லை.

சேனல் 4 என்ன சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிப்படையான இனவெறி எதுவும் நடக்கவில்லை, கலாச்சாரத்துக்கும் வர்க்கத்துக்கும் இடையிலான மோதல்தான் நடக்கிறது என்றது முதல் அறிக்கை. தலைமை நிர்வாகி ஆண்டி டங்கன், இனவெறி பற்றி நாடே விவாதிக்க இது வழி செய்திருக்கிறது, அது நல்லதுதான் என்ற ரீதியில் பேசினார். சேனல் 4 சாதாரணத் தனியார் சேனல் அல்ல. விளம்பர வருமானத்தில் ஓடினாலும் பொதுச் சொத்து. மற்ற சேனல்கள் கண்டுகொள்ளாதவர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற கடமையோடு 1982-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட சேனல், ஒரு பெண் அழுவதை ஒளிபரப்பிவிட்டு 'விவாதம் நடக்கிறதே' என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சரிந்துகொண்டிருந்த பார்வையாளர் எண்ணிக்கை அந்த வாரம் ஏறியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

ஜனவரி 19 வெள்ளிக்கிழமை, ஜேடும் ஷில்பாவும் நேருக்கு நேர் எவிக்‌ஷனில் நின்றார்கள். ஜேடுக்கு எதிராக 82 சதவீத வாக்கு. வழக்கமாக வாசலில் கூடிக் கத்தும் கூட்டத்தை அன்று பாதுகாப்புக் கருதி அனுமதிக்கவில்லை. தொகுப்பாளர் டேவினா மெக்கால் முன்னால் உட்கார்ந்து தன் காட்சிகளைத் தானே பார்த்தார் ஜேட். 2002-இல் பன்றி என்று எழுதிய அதே பத்திரிகைகள், இந்த முறை நாட்டுக்கே அவமானம் என்று எழுதின. அந்த எழுத்திலும் பெர்மண்ட்ஸி மீதான ஏளனம் ஏராளமாக இருந்தது. பேச்சு வழக்கு, உடம்பு, படிப்பு எதையும் விடவில்லை. ஒரு பெண்ணை இழிவாகப் பேசியதைக் கண்டிக்கிறேன் என்று இன்னொரு பெண்ணை இழிவாகப் பேசினார்கள்.

ஜனவரி 28 அன்று ஷில்பா 63 சதவீத வாக்கோடு வென்றார்.

வெட்டி ஒட்டும் கைகள்

மே 24 அன்று ஆஃப்காம் தீர்ப்பு வந்தது. இந்தியர்களின் சமையலைப் பற்றிய பேச்சு, ஊருக்குப் போகச் சொன்னது, 'பாப்படம்' என்ற மூன்று ஒளிபரப்புகளிலும் விதிமீறல் என்றது. தீர்ப்பின் சாரம் இப்படி: இனவெறிப் பேச்சைக் காட்டுவதே தடை என்று சொல்லவில்லை. அதைக் காட்டும்போது நிகழ்ச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். யாராவது குறுக்கிட்டுக் கண்டித்திருக்க வேண்டும். அதைச் சேனல் 4 செய்யவில்லை. வீட்டுக்குள் நடப்பதை மேலே தெரியப்படுத்தும் ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டைகள் இருந்தன. ஒளிபரப்பாகாத ஒரு காட்சியில் தெற்காசியர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றை வைத்து விளையாட்டுப் பாட்டுக் கட்டியதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

தண்டனை: ஆஃப்காமின் தீர்ப்பை மூன்று முறை திரையில் வாசிக்க வேண்டும். அபராதம் கிடையாது. மே 30 அன்று அடுத்த பிக் பிரதர் சீசன் தொடங்கும் முன் முதல் முறை வாசித்தார்கள். ஜேட் தன் பிழைப்பை இழந்தார். சேனல் சில நிமிஷ ஒளிபரப்பு நேரத்தை இழந்தது.

சேனல் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த சீசன் தொடங்கி சில நாளில், எமிலி பார் என்ற 19 வயதுப் போட்டியாளர் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல்லைப் பயன்படுத்தினார். இரவோடு இரவாக அவரை வெளியே அனுப்பினார்கள். 2008-இல் வழக்கமான பிரபலங்கள் சீசனை நடத்தவில்லை. ஆனால் இரண்டிலும் ஒரே பழக்கம்தான் தெரிகிறது: வாய் தவறியவரை வெளியேற்று, வீட்டை அப்படியே வைத்திரு.

இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது 2017 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஜூன் 25-இல் விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க பிக் பாஸ் தமிழ் தொடங்கியது. சில வாரங்களிலேயே ஒரு போட்டியாளர் இன்னொருவரின் நடத்தையைப் பற்றிச் சொல்லும்போது 'சேரி பிஹேவியர்' என்றார். பெரும் எதிர்ப்பு. புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி 100 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். போரம்வுட் வீட்டில் ஜேட் சொன்னதும் சேரி, பூந்தமல்லிப் பக்கத்து செட்டில் ஒலித்ததும் சேரி. அங்கே ஓர் ஏழைப் பெண் பணக்காரியைப் பார்த்து அதைச் சொன்னாள். இங்கே அந்தச் சொல்லுக்குள் சாதியின் பாரம் முழுக்க இருந்தது. கெட்ட வார்த்தை வந்தால் 'பீப்' போடத் தெரிந்த எடிட்டர்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். நேரலையில் தவறி விழுந்த சொல்லாக இதைச் சொல்ல முடியாது. ஒரு நாள் கழித்து, பல கைகள் மாறி, பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டிய பிறகுதான் அந்த எபிசோடு நம் வீட்டுக்கு வருகிறது. அந்தச் சொல்லை வைத்திருப்போம் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது, எந்த நோட்டீஸிலும் அது இருக்காது.

லோனாவாலா

இந்தக் கதை 2007-இல் முடிந்திருந்தால் இதை இத்தனை விரிவாக எழுதியிருக்க மாட்டேன்.

ஜேட் மன்னிப்புக் கேட்டார். டெல்லிக்கு வந்து குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனார். மனதார வருந்தினாரா, விட்ட சந்தையைப் பிடிக்க வந்தாரா என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வயிற்றுப்பிழைப்பும் வருத்தமும் ஒரே ஆளுக்குள் இருக்கக் கூடாதா என்ன?

2008 ஆகஸ்டில், புதிதாக வந்த கலர்ஸ் சேனலில் இந்தி பிக் பாஸ் இரண்டாம் சீசன் தொடங்கியது. தொகுப்பாளர் ஷில்பா ஷெட்டி. மும்பைக்குப் பக்கத்தில் லோனாவாலாவில் வீடு. போட்டியாளர்களில் ஒருவராக ஜேட் கூடி. அழுத பெண் இப்போது நடத்துகிற இடத்தில், அழவைத்த பெண் பூட்டிய வீட்டுக்குள். இதைவிடப் பொருத்தமான விளம்பரம் எந்தச் சேனலுக்கும் கிடைத்திருக்காது.

இரண்டாவது நாள். லண்டனிலிருந்து போன் வருவதாகத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். இந்தியா கிளம்பும் முன் செய்துகொண்ட பரிசோதனைகளின் முடிவு வந்திருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய். ஜேடுக்கு அப்போது வயது 27, இரண்டு சின்னப் பையன்கள். அந்தச் செய்தியையும் கேமராக்களுக்கு நடுவில்தான் அவர் கேட்டார். உடனே ஊர் திரும்பினார்.

நோய் பரவியிருந்தது. 2009 பிப்ரவரியில் இனிக் குணப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் எடுத்த முடிவை அன்று பலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். சாவதையும் கேமரா முன்னாலேயே செய்வேன் என்றார். ஜாக் ட்வீடுடன் நடந்த கல்யாணத்தின் படங்களைப் பத்திரிகைக்கு விற்றார், படப்பிடிப்பு உரிமையைச் சேனலுக்கு விற்றார். கீமோவில் முடி கொட்டிய தலையோடு கல்யாணப் பெண்ணாக நின்றார். பையன்களின் படிப்புக்குப் பணம் வேண்டும், தான் வளர்ந்த மாதிரி அவர்கள் வளரக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏழு வருஷம் அவரை வைத்து மற்றவர்கள் சம்பாதித்தார்கள். கடைசி இரண்டு மாதம் மட்டும் என்ன காட்டுவது, யாருக்கு விற்பது, காசு எங்கே போவது என்பதை அவர் தீர்மானித்தார். எனக்கு இதில் முகம் சுளிக்க எதுவும் இல்லை.

மார்ச் மாதம், அவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, ஓகே என்ற வாரப் பத்திரிகை பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போட்டு அவருக்கு அஞ்சலி இதழ் வெளியிட்டுவிட்டது. சில நாள் கழித்து, மார்ச் 22 அதிகாலையில் அவர் இறந்தார். பிரிட்டனில் அன்று அன்னையர் தினம். அப்போது பிரதமராக இருந்தவர் கோர்டன் பிரவுன். இரண்டு வருஷம் முன்பு ஜேட் பேசிய பேச்சுக்குப் பெங்களூரில் பதில் சொன்னவர், இந்த முறை இரங்கல் சொன்னார். சவ ஊர்வலம் பெர்மண்ட்ஸி தெருக்கள் வழியாகப் போனது, ஜனங்கள் இருபுறமும் நின்று பூக்களை எறிந்தார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன் அறியக்கூடியது. கருப்பை வாயிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்க்கும் எளிய பரிசோதனை, சில நிமிஷ வேலை. இங்கிலாந்தில் 25 வயதிலிருந்து இலவசமாகச் செய்கிறார்கள், கடிதம் போட்டு அழைக்கிறார்கள். வெட்கத்திலும் சோம்பலிலும் பயத்திலும் பெண்கள் தள்ளிப்போடுவார்கள். குறிப்பாக இளம் பெண்கள் வருவது அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. ஜேடுக்கு நோய் என்று தெரிந்த 2008 நடுப்பகுதியிலிருந்து 2009 நடுப்பகுதி வரை, வழக்கமாக வருபவர்களைவிடச் சுமார் 4,78,000 பேர் அதிகமாகப் பரிசோதனைக்கு வந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். அவர் இறந்த மார்ச்சில்தான் கூட்டம் உச்சத்தில் இருந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஏற்றம் அதிகம். அழைப்புக் கடிதத்தை அலமாரியில் போட்டு வைத்திருந்தவர்கள் தாமாகவே தேடி வந்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டுகளில், டிவியில் ஜேடின் முகம் வருவது நின்றபோது, அந்த எண்ணிக்கையும் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது.